மொட்டைப் பாறையைச் சுடாத துப்பாக்கி

நானூற்றுப் பதினொரு முறை சுட மறுத்திருக்கிறது. ஒரே ஒரு முறை சுட்டிருக்கிறது. அந்த ஒரு முறையும் நம் ஆளையே சுட்டிருக்கிறது.

தமயந்தி ஃபைலை மூடிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடம்! இந்தத் துப்பாக்கி வெறும் பென்சில் கோடாக இருந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது, தலை முழுக்கக் கறுப்பு. இப்போது ஐம்பத்துநான்கு. நடுவில் மூன்று டைரக்டர்கள் வந்து போய்விட்டார்கள். ராணுவம் தன் தேவைப் பட்டியலை ஆறு தடவை மாற்றியது. தோள்வார் பச்சையா பழுப்பா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி ஒன்றேகால் வருடம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது. பெயர் வைக்க மட்டும் மூன்று கூட்டம். கடைசியில் ‘ஏகலக்ஷ்யா’ என்று வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு சிப்பாயைக்கூட அவள் இதுவரை பார்த்ததில்லை. அவர்கள் வைத்த பெயர் ‘மாமியார்’. எதைச் செய்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிறதாம், எதற்கும் சம்மதிப்பதில்லையாம்.

சம்மதிக்காததுதான் அதன் பெருமையே. சாதாரணத் துப்பாக்கி விசையை அழுத்தினால் சுடும். குண்டு எங்கே போகிறது என்பது சுடுகிறவன் கைநடுக்கத்தையும் கடவுளையும் பொறுத்தது. ஏகலக்ஷ்யாவின் முனையில் ஒரு கண் உண்டு. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். காற்று, தூரம், கைநடுக்கம் எல்லாவற்றையும் அது கணக்குப் போடும். எதிரில் உயிருள்ள ஓர் ஆள் இருந்து, குண்டு அவன்மேல் பட்டே தீரும் என்ற கணத்தில் தானே சுட்டுக்கொள்ளும். படாது என்றால் சுடாது. ஒரு தோட்டா வீணாகாது. 2063-ஆம் வருடத்தில், பாதிப் போரை ட்ரோன்களே பார்த்துக்கொள்கிற காலத்தில், கையில் பிடிக்கும் துப்பாக்கிக்கு இவ்வளவு மூளை எதற்கு என்று கேட்டவர்களுக்கு, ‘எல்லா நாட்டிலும் செய்கிறார்கள்’ என்ற ஒரே பதில் இருந்தது.

டைரக்டர் கோதண்டபாணி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். ஆயுத வடிவமைப்புக் கூடத்தின் நாலாவது டைரக்டர். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி.

“படிச்சீங்களா?”

“படிச்சேன் சார்.”

“காக்கைமேடு பார்டர் போஸ்ட்ல இருதயராஜ்னு ஒரு லான்ஸ் நாயக். கூட இருக்கறவனையே சுட்டுட்டான். கால் போயிடுச்சு. ஆளோட தப்பா, ஆயுதத்தோட தப்பான்னு நம்மளைக் கேக்கறாங்க. ஆளோட தப்புன்னா கோர்ட் மார்ஷல், பத்து வருஷம் உள்ள இருப்பான். ஆயுதத்தோட தப்புன்னா…”

“நாம வீட்டுக்குப் போவோம்.”

“அபசகுனமா பேசாதீங்க தமயந்தி. ரெண்டு லட்சம் துப்பாக்கிக்கு ஆர்டர் அடுத்த மாசம் கையெழுத்தாகுது. அதோட உங்க புரமோஷனும் வருது. போய்ப் பார்த்து, பார்த்து எழுதுங்க.”

“ஒண்ணோட விலைக்குப் பழைய ரைஃபிள் நாற்பது வாங்கலாம்னு பேப்பர்ல எழுதறான் சார். அது ஆளையும் மாத்திச் சுடுதுன்னா என்ன பதில் சொல்றது?”

“அந்தப் பக்கத்துக்காரன் செய்யறானே, அதைச் சொல்லுங்க! அவன் செய்யறப்ப நாம சும்மா இருக்க முடியுமா?”

அந்தப் பக்கத்துக்காரன் செய்வதும் இவர்களுடையதைத்தான். நாலு வருடத்துக்கு முன் வரைபடங்கள் களவு போயின. விசாரணை நடந்தது, ஒரு காவலாளியின் வேலை போனது, அதோடு சரி. பிறகு ஒரு நாள் அவர்களுடைய அணிவகுப்புப் புகைப்படத்தில் அந்தத் துப்பாக்கியைப் பார்த்துத் தமயந்தி வாய்விட்டுச் சிரித்தாள். இடதுபக்கம் ஒரு சின்ன ஓட்டை. முதல் வரைபடத்தில் அவள் கவனப்பிசகாகப் போட்ட ஓட்டை அது. எதற்கும் பயன்படாது. எடுத்துவிடலாம் என்றால் திருத்தக் கமிட்டி கூடவேண்டும், அதற்கு எட்டு மாதம் ஆகும் என்றார்கள். தொலையட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த ஓட்டையையும் விடாமல் காப்பி அடித்திருந்தார்கள். அது எதற்கு என்று தெரியாமல் அங்கே எத்தனை பேர் மண்டையைக் குடைந்துகொண்டார்களோ! அவன் செய்கிறான் என்று நாம், நாம் செய்கிறோம் என்று அவன். நடுவில் பாவம், காசு.

*

காக்கைமேட்டுக்குப் போகும் வழியில் மலையடிவாரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் இறங்கினாள். குண்டுபட்ட சுடலைமுத்து கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். வள்ளியூர்ப் பக்கம். இருபத்தெட்டு வயதிருக்கும். வலது கால் முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிட்டிருந்தது.

“கால் எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இல்லாத காலு நல்லாத்தான் இருக்கு மேடம். இருக்க காலுதான் ராத்திரி குளிருது.”

“போஸ்ட்டுக்கு முன்னாடி எல்லைக்கு நடுவுல ஒரு பாறை இருக்குதாமே. அங்க எதுக்குப் போனீங்க?”

“ஒண்ணுக்கு இருக்கப் போனேன்.”

“நானூறு மீட்டர் நடந்து, எதிரி பார்க்கிற இடத்துக்கா?”

“எனக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம்.”

தமயந்திக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆயிரத்தைந்நூறு மைல் கடந்து, மூன்று படிவம் நிரப்பி, மூச்சு வாங்க வந்திருக்கிறாள். இவன் கதை விடுகிறான்.

“இங்க பாருங்க தம்பி. நீங்க உண்மையச் சொல்லலன்னா இருதயராஜ் ஜெயிலுக்குப் போவார். கூட வேலை பார்த்தவனைக் கொல்லப் பார்த்தார்னு எழுதிடுவாங்க.”

அவன் கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது.

“அவன் மேல தப்பு கெடையாது. எழுதிக்கிடுங்க.”

“அப்ப துப்பாக்கி மேலயா?”

“அது மேலயும் கெடையாது. அது அப்பிடித்தான இருக்கும்? நீங்க அப்பிடித்தான செஞ்சீங்க?”

அவன் மறுபடி கஞ்சித் தம்ளரை எடுத்துக்கொண்டான். கோபத்தோடு தமயந்தி வெளியே வந்தாள்.

*

காக்கைமேட்டில் காக்கையும் இல்லை, மேடு என்று சொல்லும்படியும் இல்லை. பனிக்குள் பதுங்கிய நாலு தகரக் கூடுகள், மண்மூட்டைச் சுவர், பதினான்கு ஆட்கள். எல்லாம் தமிழ் ஆட்கள். எதிரே பள்ளம். பள்ளத்தின் நடுவில் யானை முதுகு மாதிரி ஒரு வழுக்கைப் பாறை. அதைத் தாண்டி அந்தப் பக்கத்து மண்மூட்டைகள். கண்ணை இடுக்கினால் அங்கே யாரோ அடுப்பு மூட்டும் புகைகூடத் தெரிந்தது.

போஸ்ட்டின் தலைவர் சுபேதார் பொன்னுரங்கம் குடியாத்தத்துக்காரர். மீசை நரைத்தவர். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னார், ஆனால் ஒரு பதிலிலும் விஷயம் இல்லை. இருதயராஜ் அதுகூட இல்லை. திண்டுக்கல் பக்கத்துப் பையன். மூலையில் பார்த்த பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

சரி, மனிதர்கள் பேசாவிட்டால் போகட்டும், மாமியார் பேசும். சோதனைக்கு அனுப்பிய எட்டுத் துப்பாக்கிகளும் முத்திரை வைத்துப் பெட்டியில் இருந்தன; ஆட்களுக்குப் பழைய ரைஃபிள்களே திரும்பி வந்திருந்தன. ஒவ்வொன்றும் விசை அழுத்தப்படும்போதெல்லாம் தன் கண்ணில் தெரிந்ததைப் படம் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். அதைத் திறக்கும் சாவி தமயந்தியிடம் மட்டும் இருந்தது. கணினியை மடியில் வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

முதல் படம், வழுக்கைப் பாறை. இரண்டாவது, வழுக்கைப் பாறை. பத்தாவது, ஐம்பதாவது, நூற்றுநாற்பதாவது, அதே பாறை. எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும், எவன் பிடித்திருந்தாலும் அதே பாறை. எல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கும் நாலு பத்துக்கும் நடுவில். எதிரியின் மண்மூட்டை ஒரு படத்தில்கூட இல்லை. நானூற்றுப் பதினொரு முறை இந்த மனிதர்கள் ஒரு கல்லைச் சுடப் பார்த்திருக்கிறார்கள். நானூற்றுப் பதினொரு முறையும் துப்பாக்கி, ‘அது கல், அதற்கு உயிரில்லை’ என்று சொல்லி மறுத்திருக்கிறது.

கடைசிப் படத்தில் பாறை உச்சியில் கோட்டு மாட்டிய ஏதோ ஓர் உருவம்; விளிம்பில் ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் கணினியை மூடும்போது வெளியே ஒரு வெடிச்சத்தம். தூக்கிவாரிப் போட்டது. அடுத்தடுத்து மேலும் நாலு. வெளியே ஓடினாள். ஒரு சிப்பாய் பழைய ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். பாறையின் முதுகில் பனித்தூள் பறந்தது. அரை நிமிடம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஐந்து சத்தம். அவர்கள் குண்டும் பாறையின் முதுகிலேயே பட்டது. பிறகு எல்லாரும் உள்ளே டீ குடிக்கப் போனார்கள். மணி நாலு ஐந்து.

தமயந்தி சுபேதார் எதிரில் போய் நின்றாள்.

“படம் எல்லாம் பார்த்துட்டேன். இனிமே மழுப்பாதீங்க. என்ன இது?”

பொன்னுரங்கம் பாறைப் பக்கம் திரும்பினார்.

“நாங்க மொட்டைப் பாறைன்னு சொல்லுவோம் மேடம். அவங்க என்ன சொல்றாங்களோ தெரியாது. மேலருந்து ஆர்டரு, தினமும் சுடணும். எதிரிய நிம்மதியா இருக்க விடக்கூடாதாம். அவங்களுக்கும் அதே ஆர்டருதான் வந்திருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால யாரோ ஒருத்தன் பாறைல சுட்டான். நம்மவனா அவனான்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. எதிர்ல இருந்தும் பாறைல சுட்டாங்க. அதுலருந்து நாலு மணிக்கு நாம அஞ்சு, அவங்க அஞ்சு. இன்னைக்கும் எல்லாம் வழக்கம்போலத்தான், நாங்க வரமாட்டோம், நீங்களும் வராதீங்கன்னு அர்த்தம். ஏழு வருஷமா இங்க ஒரு சாவு கிடையாது. பக்கத்து போஸ்டுல போன வருஷம் மட்டும் ஆறு பேரு.”

“இது எதிரியோட ஒப்பந்தம் சுபேதார். மேல தெரிஞ்சா உங்க பதினாலு பேருக்குமே கோர்ட் மார்ஷல்.”

“தெரியும் மேடம். அதனாலதான் சுடலைக்குக் கூச்ச சுபாவம்.”

அவள் மண்மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

“அப்புறம் எங்க துப்பாக்கி வந்துச்சு.”

“வந்துச்சு. பழசையெல்லாம் எண்ணி வாங்கிக் கீழ எடுத்துட்டுப் போயிட்டாங்க. முத நாள் நாலு மணிக்கு விசைய அழுத்துறோம், சுடமாட்டேங்குது. எட்டுத் துப்பாக்கியும் மாத்தி மாத்திப் பார்த்தோம். அவங்க அஞ்சு ரவுண்டு போட்டுட்டுப் பார்த்துக்கிட்டே இருக்காங்க. ரெண்டாம் நாளும் அப்படியே. மூணாம் நாள் அவங்களும் போடல. ராத்திரியோட ராத்திரியா ஆள் சேர்த்தாங்க. நாம எதுக்கோ தயாராகுறோம்னு பயந்துட்டாங்க. பயந்தவன்தான் மேடம் முதல்ல அடிப்பான்.”

“மெஷின் கன்னால பாறைல சுட்டிருக்கலாமே?”

“அதுக்கு வேற அர்த்தம். அது வர்றோம்னு சொல்றது.” அவர் பெருமூச்சு விட்டார். “ஏன் மேடம், சும்மா சுடறதுக்கு ஒரு பொத்தான் வச்சிருக்கக் கூடாதா? குறியும் வேணாம், கணக்கும் வேணாம். நாங்க சொன்னா சுடற மாதிரி, ஒரே ஒரு பொத்தான்?”

தமயந்திக்கு முகம் சுட்டது. பொத்தான் இருந்தது. பதினோராம் வருடம் வரை இருந்தது. சோதனைத் திடலில் வீரர்கள் அதை அழுத்திக் கண்டபடி சுட்டுத் தள்ளினார்கள். தவறிய குண்டெல்லாம் துப்பாக்கியின் கணக்கில் விழுந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குறிக்குப் போனால்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி. பொத்தானை எடுத்துவிட்டால் தவறவே வழியில்லை என்று குறிப்பு எழுதியவள் அவள்தான். அருமையான யோசனை என்று கமிட்டி பாராட்டியது. பரீட்சையில் தேறுவதற்காகப் பிள்ளையின் வாயைத் தைத்த கதை. பத்தொன்பது வருடம் பாடுபட்டு, ஒரு கல்லைச் சுடத் தெரியாத துப்பாக்கியைச் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“சுடலை எதுக்குப் பாறைக்குப் போனான்?”

பதில் பின்னாலிருந்து வந்தது. இருதயராஜ் எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை.

“பொம்மை வைக்க மேடம்.”

“என்ன பொம்மை?”

“அதுக்கு உசிரு இருந்தாத்தான சுடும்? கோட்டுக்குள்ள வைக்கோலத் திணிச்சு, நடுவுல வெந்நீர்ப் பைய வச்சு, தலைக்குப் பானை கவுத்து ஒரு ஆள் மாதிரி செஞ்சோம். சுடலை ஐடியாதான். தூக்கிட்டுப் போயி பாறை மேல நிறுத்துனான். நான் இங்கிட்டு இருந்து பாத்துக்கிட்டிருந்தேன். அவன் எறங்கிப் பாறைக்குப் பின்னாடி முழுசா மறைஞ்சுட்டான். கையக் காட்டுனான். அழுத்துனேன். சுடல. வெந்நீரு ஆறிப்போச்சோ என்னமோ. பிடிச்சுக்கிட்டே இருந்தேன், விடல…”

அவன் பாறையின் விளிம்பை விரலால் காட்டினான்.

“என்னடா சுடலயேன்னு பாக்குறதுக்கு அவன் காலை ஒரு எட்டு வெளிய வச்சான். அவ்வளவுதான். விசைய அழுத்துனது நான்தான் மேடம். சுட்டது அது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நொடி இருந்துச்சு. அந்த நொடி யாரோடதுன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். தெரியல.”

அவனுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அதோட முடியல,” என்றார் பொன்னுரங்கம். “அந்த ஒரு சத்தம் கேட்டதும் அவங்க அஞ்சு ரவுண்டு பாறை உச்சில போட்டாங்க. சந்தோஷத்துல போட்டிருப்பாங்க மேடம், எல்லாம் பழையபடி ஆயிடுச்சுன்னு. அப்புறம் நாங்க ஓடறதப் பார்த்துட்டு நிறுத்திட்டாங்க. பாறைலருந்து அவனத் தூக்கிட்டு வர ஒரு மணி நேரம் ஆச்சு. ஆறு பேரு திறந்த வெளில. ஒரு குண்டு வரல.”

உள்ளே அடுப்பில் டீ பொங்கி வழியும் சத்தம் கேட்டது.

“அன்னைக்குக் குளிர் எவ்வளவு இருந்துச்சு?” என்று தமயந்தி கேட்டாள்.

சுபேதார் புரியாமல் போஸ்ட் டைரியைப் புரட்டினார். “மைனஸ் முப்பத்தொண்ணு.”

*

கீழே இறங்கும் ஹெலிகாப்டரில் அவள் மடியில் கணினி திறந்தே இருந்தது, காலடியில் துப்பாக்கிப் பெட்டி.

உண்மையை எழுதினால் துப்பாக்கிமேல் குற்றமில்லை. எதற்காகச் செய்தார்களோ அதை அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறது. ஆர்டர் கையெழுத்தாகும், பதவி உயர்வு வரும். இருதயராஜ் ஜெயிலுக்குப் போவான், சுபேதாரின் பென்ஷன் போகும். மொட்டைப் பாறையைச் சுடும் வழக்கம் நின்றுபோகும். அதற்குப் பிறகு நாலு மணிக்கு அங்கே சுடுகிறவர்கள் கையில் தவறவே தெரியாத துப்பாக்கி இருக்கும். பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் அதேதான் இருக்கும், இடதுபக்க ஓட்டையோடு.

பொய் எழுதினால், தான் பெற்றதன் கழுத்தைத் தானே நெரிக்க வேண்டும். மைனஸ் நாற்பது குளிர் அறையில் மூன்று நாள் வைத்துச் சோதித்து, ‘குறையொன்றும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டவள் அவளே. இத்தனை வருட வேலையில் ஓர் எண்ணைக்கூட அவள் கூட்டிக் குறைத்து எழுதியதில்லை. சக ஊழியர்கள் அவளைப் பார்த்தால் பேச்சை மாற்றும் அளவுக்கு அந்த விஷயத்தில் கறார்.

‘நீங்க அப்பிடித்தான செஞ்சீங்க?’ என்று சுடலைமுத்து கேட்டது காதிலேயே நின்றது.

அவள் சாவியைப் போட்டு நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் அழித்தாள். பிறகு எழுதினாள்: ‘மைனஸ் முப்பத்தொரு டிகிரியில் துப்பாக்கியின் கண்ணில் உட்புறமாகப் பனி படிகிறது. இதனால் சுடவேண்டியபோது மறுக்கிறது, கூடாதபோது சுடுகிறது. பதிவுகளும் அழிந்துவிட்டன. சுட்டவர்மேல் பிழையில்லை.’

*

கோதண்டபாணி அறிக்கையைப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார்.

“மைனஸ் நாப்பதுல பாஸ் பண்ணினது முப்பத்தொண்ணுல எப்படிம்மா ஃபெயில் ஆகும்?”

“சேம்பர்ல காத்து கிடையாது சார். மலைல காத்து இருக்கு.”

“அதை அப்பவே யோசிச்சிருக்கணும் இல்ல?”

“யோசிச்சிருக்கணும் சார். என் தப்புதான்.”

அவர் அவளையே பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் தமயந்தி தன் தப்பு என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி வைத்திருப்பவர்கள் தேவையில்லாத கேள்வி கேட்பதில்லை.

ஆர்டர் நின்றது. பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. ‘குளிர்காயும் துப்பாக்கி’ என்று கேலிச்சித்திரம் போட்டார்கள். அவள் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவள் பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தாள். ஆனால் துப்பாக்கியின் உள்விவரம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதால் அனுப்பவும் முடியவில்லை. கேன்டீனில் யாரும் அவள் மேஜையில் உட்காரவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே அவள் சில நாள், ‘எல்லாம் யாருக்காக?’ என்று அலுத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக்காரன் தன்னுடையதைச் செய்து முடித்துவிட்டான், அடுத்த குளிர்காலத்துக்குள் எல்லைக்கு அனுப்புகிறான் என்று செய்தி வந்தது. அப்போது மொட்டைப் பாறைக்கு இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஐந்து ரவுண்டு போகும். எதிர்ப்பக்கம் சுடாது. பயந்தவன்தான் முதலில் அடிப்பான். இரண்டு பக்கமும் சேர்ந்து தட்டினால்தானே ஓசை? அவள் பொய் பாதி வேலைதான் செய்திருந்தது. அந்த நினைப்பில் அவளுக்குப் பல நாள் தூக்கம் பிடிக்கவில்லை.

போதாக்குறைக்கு அவளுடைய ரகசிய அறிக்கையும் ஒரே மாதத்தில் களவு போனது. இந்த அலுவலகத்தில் களவு போகாதது தோள்வார்க் கமிட்டியின் தீர்மானம் மட்டும்தான்.

இருதயராஜ் விடுவிக்கப்பட்டான். சுடலைமுத்து வள்ளியூரிலிருந்து ஒரு தடவை போன் செய்தான். செயற்கைக்கால் பொருத்தியிருக்கிறார்களாம், அதிலும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களாம். “நான் போற பக்கம் போகமாட்டேங்கு மேடம். நீங்க செஞ்சதா?” என்று கேட்டுச் சிரித்தான்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் கோதண்டபாணி வழக்கம்போலக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் காகிதம். முகத்தில் கல்யாணக் களை.

“தமயந்தி, விஷயம் தெரியுமா? அவங்களும் நிறுத்திட்டாங்க! எல்லைக்கு அனுப்பின துப்பாக்கியெல்லாம் திருப்பி வாங்கிட்டு, சிப்பாய்ங்களுக்குப் பழைய ரைஃபிளையே குடுத்துட்டாங்க. உளவுத்துறை அவங்க ரிப்போர்ட்டையே கொண்டுவந்துடுச்சு. பாருங்க.”

அவள் வாங்கிப் படித்தாள். மொழிபெயர்ப்பு கொச்சையாக இருந்தது. ஆனாலும் புரிந்தது. ‘மைனஸ் முப்பத்தொரு டிகிரியில் துப்பாக்கியின் கண்ணில் உட்புறமாகப் பனி படிகிறது. சுடவேண்டியபோது மறுக்கிறது. பதிவுகளும் அழிந்துவிட்டன.’ கீழே அந்தப் பக்கத்துப் பொறியாளர் எவரோ ஒருவரின் கையெழுத்து, கிறுக்கலாக. பெயர் படிக்க முடியவில்லை. ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை.

இரண்டு துப்பாக்கியும் ஒன்றுதான். எந்தக் குளிரிலும் எதிலும் பனி படியாது. அது அவளுக்குத் தெரியும். அந்தக் கையெழுத்துக்காரருக்கும் தெரிந்திருக்கும். களவுபோன அறிக்கையைப் படித்து, தங்கள் துப்பாக்கியைக் குளிரில் வைத்துப் பார்த்து, ஒன்றும் ஆகாததைக் கண்டு, இந்தப் பக்கத்துக்காரி எதற்கு இப்படி எழுதினாள் என்று மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் காக்கைமேட்டுக்கு எதிரேயுள்ள தங்கள் போஸ்ட்டுக்குப் போய் நாலு மணி வரை நின்று பார்த்திருப்பார். இந்தத் தடவை ஓட்டை எதற்கு என்று அங்கே யாருக்கோ புரிந்துவிட்டது.

கண்ணில் நீர் முட்டியது. குனிந்து கண்ணாடியைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டாள்.

“வருத்தப்படாதீங்க,” என்றார் கோதண்டபாணி. “இதுதான் நமக்கு நல்ல நேரம். அவன் சரிபண்றதுக்குள்ள நாம முந்திக்கணும். ஏகலக்ஷ்யா ரெண்டு. மந்திரி வாய்மொழியா ஓ.கே. சொல்லிட்டார். நீங்கதான் தலைமை. உங்களை விட்டா யார் இருக்கா?”

ஏழு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் அவள் காகிதத்தைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்திருப்பாள். இப்போது பேனாவைத் திறந்தாள்.

“பொத்தானைத் திரும்ப வைக்கணும் சார். சும்மா சுடற பொத்தான்.”

“வச்சுக்கோங்க. அதுக்குத் திருத்தக் கமிட்டி கூட்டணும்.”

“கூட்டுங்க. தோள்வாரையும் ஒரு தடவை மறுபரிசீலனை செஞ்சுடலாம்.”

“தோள்வாரா? அதுல என்ன?”

“பழுப்பு கொஞ்சம் உறுத்துது சார். அதுக்கும் தனிக் கமிட்டி போட்டுடுங்க. பேருக்கும்.”

அவர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். பத்தொன்பது வருடமாகக் கமிட்டி என்றாலே பல்லைக் கடிக்கிறவள் தானாகக் கேட்கிறாள்!

“சரி, மந்திரிக்கு ஒரு தேதி சொல்லணும். அவசரப்படாம, குறையில்லாம, நிதானமா செஞ்சா எத்தனை வருஷம் ஆகும்?”

தமயந்தி யோசிப்பது போல் விரல்விட்டு எண்ணினாள்.

“நல்லபடியா செய்யணும்னா ஒரு பத்தொன்பது வருஷம் ஆகும் சார்.”